ஊர்ச் சாவியெல்லாம் என்னிடம்

உசிலம்பட்டியில் நான் நடத்தும் பிரவுசிங் சென்டருக்கு வந்தவர்களுக்கு டிஜிலாக்கர் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தது நான்தான். அதற்குரிய ஆறு இலக்க பின் எண்ணையும் நானே போட்டேன். எல்லாருக்கும் ஒரே எண். எங்கள் ஊர் தபால் பின்கோடும் ஆறு இலக்கம்தானே, அதையே போட்டுவிட்டேன். யாரையும் உட்காரவைத்து, இதுதான் உங்கள் எண், இதை இப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. மின்னஞ்சல் கேட்கும் இடங்களில் என் மின்னஞ்சலைக் கொடுத்தேன். சொந்தமாக செல் நம்பர் இல்லாதவர்களுக்கு, எந்த விண்ணப்பம் இடம் கொடுத்ததோ அதிலெல்லாம் என் நம்பரைக் கொடுத்தேன். பாஸ்வேர்டுகளை ஒரு நீள நோட்டில் எழுதி மேசை டிராயரில் வைத்திருந்தேன்.

யார் பணத்தையும் நான் தொட்டதில்லை. இதைச் சொல்லித்தான் பல வருடம் என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

கடையை ஆரம்பித்தபோது ஜெராக்ஸும் லேமினேஷனும்தான் தொழில். அப்போது மக்கள் தங்கள் அடையாளத்தை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு வருவார்கள். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, சாதிச் சான்றிதழ், பட்டா நகல் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கும். கவரைப் பிரித்து, வேண்டியதை மட்டும் என்னிடம் தருவார்கள். நகல் எடுத்து முடித்ததும் அசலை எண்ணி வாங்கி, திரும்பக் கவருக்குள் போட்டு, பையின் வாயைச் சுருட்டிக்கொண்டு போவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தாக்கள்கூட எந்தக் காகிதம் எது என்று நிறத்தையும் முத்திரையையும் வைத்துச் சொல்லிவிடுவார்கள். ஒன்று குறைந்தால் நகர மாட்டார்கள். அந்தக் கவனத்தை நான் அப்போது பெரிதாக மதிக்கவில்லை. அந்தக் கவனத்தைத்தான் பின்னால் அவர்களிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன் என்பது இப்போது புரிகிறது.

டிஜிலாக்கர் 2015 ஜூலையில் வந்தது. எங்கள் பக்கம் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 2018இல்தான் மாறியது. அந்த ஜூலையில் ரயில்வே, டிஜிலாக்கரில் உள்ள ஆதாரையும் ஓட்டுநர் உரிமத்தையும் பயண அடையாளமாக ஏற்றுக்கொள்ளச் சொன்னது. ஆகஸ்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ காட்டும் லைசன்ஸையும் ஆர்சி புக்கையும் அசலுக்குச் சமமாக எடுத்துக்கொள்ளும்படி மாநிலங்களுக்கு எழுதியது. தேனி ரோட்டில் வண்டி ஓட்டும் பையன்கள் அந்த வாரமே கடைக்கு வர ஆரம்பித்தார்கள். "அண்ணே, லைசன்ஸைப் போன்ல ஏத்திக் குடுங்க."

அந்த வேலையை நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன். லைசன்ஸைப் போட்டோ எடுத்து கேலரியில் வைத்துக்கொண்டு போலீசிடம் காட்டுவது வேறு. டிஜிலாக்கரின் 'இஷ்யூடு' பகுதியில் போக்குவரத்துத் துறையிடமிருந்தே நேராக வந்து நிற்கும் லைசன்ஸ் வேறு. நாமே ஸ்கேன் செய்து ஏற்றி வைத்தால் அது டிஜிலாக்கருக்குள் இருந்தாலும் செல்லாது. இது பலருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பெயர் பொருந்தாத சிக்கலும் தெரியும். லைசன்ஸில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது, லைசன்ஸைத் தர மறுத்துவிடும். நம் ஊர்க்காரர்களின் பாதித் தொல்லை இந்த இனிஷியலில்தான். எதைத் திருத்தினால் ஓடும் என்று நான் சொல்வேன். சொன்னது நடக்கும். கடையில் கூட்டம் சேர்ந்தது.

பின் எண் கேட்கும் திரை வந்ததும் போனை அவர்கள் பக்கம் திருப்புவேன். முதலில் அப்படித்தான் செய்தேன். "எனக்கென்னப்பா தெரியும், நீயே ஒண்ணு போட்டு வச்சிரு" என்பார்கள். திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்த்திருக்கலாம். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, ஆதார் சர்வர் இப்போதுதான் ஓடுகிறது. நானே போட்டேன். பிறகு கேட்பதையே விட்டுவிட்டேன்.

யுபிஐ பின் வைக்கும்போது மட்டும் தலையைத் திருப்பிக்கொள்வேன். 2016 நவம்பருக்குப் பிறகு ஊரே ஏடிஎம் வாசலில் நின்ற நாட்களில், பணம் சம்பந்தமான எதிலும் கை வைத்தால் பழி வரும் என்ற பயம் எனக்குள் ஆழமாக இறங்கிவிட்டது. "இத நீங்கதான் போடணும், நான் பாக்கக் கூடாது" என்று கறாராகச் சொல்வேன், அவர்களும் தட்டுத்தடுமாறிப் போட்டுவிடுவார்கள். அதே ஆட்கள், அதே விரல்கள். யுபிஐக்குப் போட முடிந்தவர்களால் டிஜிலாக்கருக்கும் போட்டிருக்க முடியும். பணத்துக்குக் கொடுத்த மரியாதையை அந்த மனிதர் இன்னார் என்று சொல்லும் பொருளுக்கு நான் கொடுக்கவில்லை.

மாநில அரசின் சான்றிதழ்களுக்கு கேன் எண் என்று ஒன்று வேண்டும். ஒரு முறை பதிவு செய்துவிட்டால் வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றுக்கும் அதுதான். பதிவு செய்யும்போது ஒரு செல் நம்பர் கேட்கும். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு போன் இருக்கும். அது வீட்டு ஆம்பளையோடு திருப்பூருக்கோ ஆந்திராவுக்கோ போயிருக்கும். பொம்பளைப் பிள்ளை விண்ணப்பம் போட வந்து நிற்கும். அப்பாவைக் கூப்பிட்டு ஓடிபி கேட்டால் அவர் வேலையில் இருப்பார், எடுக்க மாட்டார். "என் நம்பரப் போடவாம்மா?" என்று நான்தான் கேட்பேன். அது உதவிதான். அந்த நேரத்துக்கு உதவிதான். ஆனால் அந்தப் பிள்ளையின் சான்றிதழ் வந்ததா, தள்ளுபடியானதா என்பது அதற்குப் பிறகு எப்போதும் எனக்குத்தான் முதலில் தெரிந்தது.

ஒரு இரவு லாரி ஓட்டும் ஒருவர் அத்திப்பள்ளி சோதனைச்சாவடியிலிருந்து கூப்பிட்டார். ஆர்டிஓ லைசன்ஸ் கேட்கிறார், அசல் வீட்டில் இருக்கிறது, டிஜிலாக்கர் பின் கேட்கிறது. "என் பின் நம்பர் என்னண்ணே?"

தூக்கத்தில் எழுந்து சொன்னேன். சொல்லிவிட்டுப் படுத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. கர்நாடக எல்லையில் ஒரு மனிதர் தன்னைத் தான் என்று நிரூபிக்க என்னைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அது எனக்கு இனித்தது. அவர் கையில் இருந்த போனுக்குத்தான் ஓடிபி வரும். பின் மறந்துவிட்டது என்ற இடத்தைத் தொட்டு, அங்கேயே நின்று புது எண் வைத்துக்கொண்டிருக்கலாம். அந்த வழி எனக்குத் தெரியும். அன்றைக்கும் சொல்லவில்லை, அவர் ஊருக்குத் திரும்பி வந்து கடையில் டீ வாங்கிக் கொடுத்து நன்றி சொன்னபோதும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டால் இரண்டு பதில் வருகிறது. ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் ஆகும், அதற்குக் காசு கிடையாது. சொல்லிக்கொடுத்துவிட்டால் அடுத்த முறை அவர் வர மாட்டார். இது தொழில்காரனின் பதில். இதைவிட வெட்கமான பதில், நான் இல்லாமல் அவர்களுக்கு ஆகாது என்ற நிலை எனக்குப் பிடித்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் நடந்தால் நாலு பேர் எழுந்து கும்பிடுவார்கள். தாலுகா ஆபீசில் வரிசையில் நிற்பவர்கள் எனக்கு வழிவிடுவார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். அந்தக் கும்பிடு எனக்கு வேண்டியிருந்தது.

2022 மே மாதக் கடைசியில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. ஆதார் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள், கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள், பிரவுசிங் சென்டர் மாதிரிப் பொதுக் கணினிகளில் இ-ஆதாரை இறக்காதீர்கள், இறக்கினால் ஒரு பிரதி விடாமல் அழித்துவிடுங்கள் என்றது. தவறாகப் புரிந்துகொள்ள இடம் தருகிறது என்று சொல்லி இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். முதல் நாள் செய்தியைப் படித்தபோது என் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். ஊரே அதற்குள் இருந்தது. ஃபைல் பெயரே ஆள் பெயர். அந்த ஃபைலின் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அழித்துவிடலாம் என்று நினைத்தேன். திரும்பப் பெற்றுக்கொண்ட செய்தி வந்ததும், சரி, அழிக்க வேண்டியதில்லை போலிருக்கிறது என்று மூடிவிட்டேன். மறுபடி அச்செடுக்க வந்தால் ஓடிபி தொல்லை இல்லாமல் எடுத்துக் கொடுக்கலாமே. அடுத்த ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அந்தச் செய்தியையும் படித்தேன், அந்த ஃபோல்டரோடு சேர்த்து நினைக்கவே இல்லை.

மீனாட்சியம்மன் கோயிலில் 2018 பிப்ரவரியில் தீப்பிடித்த பிறகு, உயர்நீதிமன்றக் கிளையின் உத்தரவால் செல்போனை உள்ளே கொண்டுபோக முடியாது. வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இன்றைக்கு அந்தப் போனுக்குள்தான் பணம், லைசன்ஸ், ரயில் டிக்கெட், ஆதார் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் மக்கள் கலங்காமல் கொடுத்துவிட்டு உள்ளே போகிறார்கள், ஏனென்றால் கையில் டோக்கன் இருக்கிறது, போனின் பூட்டு அவர்களுடையது. நான் வாங்கி வைத்துக்கொண்டவற்றுக்கு டோக்கன் தரவில்லை. பூட்டும் என்னுடையது.

இனி ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

செல்லம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. அந்தக் குடும்பத்தில் பட்டப்படிப்பை எட்டிப் பார்த்தவர்களே கிடையாது. அம்மா பூ எடுக்கப் போவார், அப்பாவுக்கு லோடு ஏற்றும் வேலை. பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்ய வந்தாள். 2017 வரைக்கும் இந்தக் கலந்தாய்வுக்கு அப்பாவும் பிள்ளையும் ராத்திரி பஸ் ஏறிச் சென்னை கிண்டிக்குப் போவார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, எந்தக் கல்லூரியில் என்ன பாடம் மிச்சம் இருக்கிறது என்று தாங்களே பார்த்து எடுப்பார்கள். அலைச்சல், செலவு. 2018இல் ஆன்லைன் ஆனது. அலைச்சல் போனது. ஆனால் எங்கள் ஊரில் அந்தத் திரைக்கு முன்னால் உட்காருவது பிள்ளை இல்லை, நான். பிள்ளை பின்னால் நின்றுகொண்டிருக்கும்.

பதிவுக்கு என் மின்னஞ்சல், என் நம்பர், நான் போட்ட பாஸ்வேர்டு. சான்றிதழ்களை ஏற்றினேன். முதல் பட்டதாரிச் சான்று, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு எல்லாம் சரியாகக் குறித்தேன். விருப்பப் பட்டியலையும் நானே போட்டேன். வேலையில் பிழை இல்லை. மதுரைக்குப் பக்கத்திலேயே, வீட்டிலிருந்து போய் வரும் தூரத்தில், அவள் கேட்ட பாடத்திலேயே தற்காலிக ஒதுக்கீடு வந்தது. அதை இரண்டு நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும்.

கம்பத்தில் மச்சான் வீட்டுக் கல்யாணத்தில் இருந்தேன். மெசேஜ் வந்தது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவளும் கூப்பிட்டாள். "நான் பாத்துக்கிறேம்மா, நீ கவலப்படாத" என்றேன். போனிலேயே செய்திருக்கலாம். பாஸ்வேர்டை அவளுக்குச் சொல்லியிருந்தால் அவளே யாராவது ஒருவர் போனில் செய்திருப்பாள். கலந்தாய்வுக்கு உதவி மையங்கள் இருக்கின்றன, அங்கே போ என்று சொல்லியிருக்கலாம். பாஸ்வேர்டைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அது மற்றவர்களுக்கும் போட்டிருந்த அதே பாஸ்வேர்டு. நாளைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பந்தியில் உட்கார்ந்தேன். மறுநாள் ஊருக்கு வந்து கடையைத் திறந்தபோது நேரம் முடிந்திருந்தது. அவள் முந்தின நாளும் அன்றைக்கும் வந்து சாத்தியிருந்த ஷட்டரைப் பார்த்துவிட்டுப் போனதாகப் பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார்.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு சாயங்காலம் வந்தாள். "சர்வர் டவுன்மா. ரெண்டு நாளாவே ஓடல. நான் எவ்வளவோ பாத்தேன்" என்றேன்.

அவர்கள் நம்பினார்கள். சர்வர் ஓடாது என்பதை எங்கள் ஊரில் யாரும் எதிர்த்துக் கேட்க மாட்டார்கள்; ரேஷன் கடையில் கேட்டுப் பழகியது, வங்கியில் கேட்டுப் பழகியது. அவள் அப்பா, "நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க" என்று என்னையே சமாதானப்படுத்திவிட்டுப் போனார். நான் செய்த எல்லாவற்றிலும் அந்தச் சமாதானத்தை வாங்கிக்கொண்டதுதான் எனக்குத் தாங்க முடியாதது. அவள் இப்போது ஒரு கலைக் கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் மாதாமாதம் வருகிறது. அது வந்ததா என்று சொல்லும் மெசேஜ் வெகுநாள் என் போனுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அவள் பெயரைப் பார்ப்பேன்.

வீட்டில் ஒருநாள் இதை என் மனைவியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "என்னோடதும் உங்க நம்பர்லதான இருக்கு" என்றாள். அவள் ஆதார், அவள் வங்கிக் கணக்கு, 2023 செப்டம்பரிலிருந்து அவளுக்கு வரும் மகளிர் உரிமைத்தொகையின் மெசேஜ், எல்லாம் என் போனில். அவளிடம் தனி போன் வந்து ஆறேழு வருடம் ஆகிறது. மாற்றித் தரச் சொல்லி அவள் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமே இருந்திருக்கக் கூடாது.

அதற்குப் பிறகு மற்ற ஊர்களில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். எஸ்டோனியா என்ற சின்ன நாட்டில் 2002இலிருந்து மின்னணு அடையாள அட்டை இருக்கிறது. அட்டையோடு இரண்டு பின் எண்களை மூடிய உறையில் போட்டு உரியவர் கையில் கொடுக்கிறார்கள். ஒன்று, நான் இன்னார் என்று காட்ட, மற்றொன்று, கையெழுத்திட. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த விதியின்படி உறுப்பு நாடுகள் 2026 முடிவுக்குள் தங்கள் மக்களுக்கு ஒரு டிஜிட்டல் அடையாளப் பணப்பையைத் தர வேண்டும்; வயது பதினெட்டு நிறைந்ததா என்று கேட்டால் அதை மட்டும் காட்டிவிட்டுப் பெயரையும் முகவரியையும் உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். நம்மிடம் மறைப்பு ஆதார் அந்த வழியில் ஒரு அடி. வசதி நம்மிடமும் உண்டு. கைரேகையையும் கருவிழியையும் நாமே பூட்டி வைக்கலாம், டிஜிலாக்கரில் நாமினியை நியமிக்கலாம். இவை எல்லாம் ஒரு ஆளுக்கு ஒரு போன், அந்த போன் அவர் கையில், அதைத் திறக்கும் எண் அவர் மனதில் என்ற கணக்கில் கட்டப்பட்டவை. அந்தக் கணக்கு எங்கள் தாலுகாவுக்குள் வரும்போது இடையில் என்னைப் போன்ற ஒருவன் உட்கார்ந்துகொள்கிறான். அரசு எங்களை நினைத்துப் பார்க்கவில்லை என்று குறை சொல்லலாம், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்து என்ன செய்வது என்பது என் கையில் இருந்தது.

நோட்டில் உள்ளவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வரவழைக்கிறேன். பின் எண்ணை அவர்களையே மாற்ற வைக்கிறேன். அந்த நேரத்தில் எழுந்து வெளியே போய் நின்றுகொள்கிறேன். மின்னஞ்சல் இல்லாதவர்களுக்குத் தொடங்கிக் கொடுக்கிறேன். நம்பர் மாற்ற வேண்டியவர்களை ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போகிறேன், அங்கே விரல் ரேகை வைக்கச் சொல்கிறார்கள். களை வெட்டியும் பூ எடுத்தும் தேய்ந்துபோன விரல்கள் ஒரே தடவையில் பதிவதில்லை, திரும்பவும் போக வேண்டியிருக்கிறது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரை முழுதாக அழித்தாயிற்று. கடை வருமானம் இறங்கியிருக்கிறது.

எளிதாக இல்லை. சிலர் கோபப்படுகிறார்கள், நான் அவர்களைக் கைகழுவுவதாக நினைக்கிறார்கள். ஒரு அப்பத்தா, "நீ வச்சிருந்தா எனக்கு நிம்மதிய்யா, என் மகன்ட்ட போனா அவன் எடுத்துருவான்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் பயம் நிஜம். அவருக்கு இரண்டு நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தோம், என் மனைவியும் நானும். பேரப்பிள்ளைகள் பிறந்த வரிசையை வைத்து ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டார் போலிருக்கிறது. உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டே போட்டார். அவர் வீட்டில் போனை மகன் எடுத்துக்கொண்டால் அந்த எண் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதிக் கொடுப்பதற்கு முன் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். அச்சில் வந்து அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது. திண்ணையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். கல்யாணம், மெசேஜ், பாஸ்வேர்டு, எல்லாம். அவள் அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அம்மா அழுதார். அவள் மட்டும் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப சர்வர் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சா அண்ணே?"

"ஓடிக்கிட்டுத்தாம்மா இருந்துச்சு."

கொஞ்ச நேரம் கழித்து அவள் சொன்னாள், தம்பி இந்த வருடம் பிளஸ் டூ எழுதுகிறான், அவனுக்கு எல்லாப் பதிவும் அவளே அவள் போனில் செய்யப்போகிறாள். "நீங்க பிரிண்ட் மட்டும் எடுத்துக் குடுங்க."